ஷெர்மன் கெண்ட்

உளவு என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனத்தில் எழுவது, மாறுவேடம் பூண்டு பகைவர் நாட்டுட் புகுந்து மறைவாய் உலவும் ஒற்றனுடைய உருவமே. திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரம் அத்தகையோனையும் அவனை ஆளும் அரசனையும் பற்றியது. ஆயினும் அவ்விருவர்க்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் உளன். ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிற செய்திகளோடு ஒப்பிட்டு, பொய்யைக் களைந்து, நாளை நிகழக்கூடியது யாது என ஆராய்ந்து அரசனுக்கு எழுதிக் கொடுப்பவன் அவன். அவன் வேடம் பூண்பதில்லை, வாளேந்துவதுமில்லை. மேசை முன் அமர்ந்து படிப்பதும் எழுதுவதுமே அவன் தொழில். ஆயினும் அவன் எழுதும் ஒரு வாக்கியத்தால் படைகள் எழுவதுமுண்டு; எழ வேண்டிய படை எழாது நின்றுவிடுவதுமுண்டு. இத்தொழிலுக்குரிய முறை யாது, அதற்குரியோரைப் பயிற்றுவது எங்ஙனம் என்னும் வினாக்களை விரிவாக ஆராய்ந்து நூலாக எழுதியவர் அமெரிக்க நாட்டுச் சரித்திரப் பேராசிரியர் ஒருவர். ஷெர்மன் கெண்ட் என்னும் அவ்வறிஞரின் வாழ்க்கை, கல்லூரியிற் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் சுவை பயப்பதாகும் என்று கருதி ஈண்டு எழுதலானேன்.

கெண்ட் 1903-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதி சிக்காகோ நகரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் கெண்ட் செல்வர். கலிபோர்னியா மாகாணத்தினின்று அமெரிக்கக் காங்கிரஸுக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தாயார் எலிசபெத், பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டுமென்று உழைத்தவர்களுள் ஒருவர். தந்தையாரைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. கலிபோர்னியாவில் வானளாவிய பழைய செம்மரங்கள் நிறைந்த காடு ஒன்றை அவர் விலைக்கு வாங்கி, வெட்டுவார் கையிற் படாதிருக்குமாறு 1907-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கத்துக்குத் தானமாக வழங்கினார். அக்காட்டுக்கு அவர் பெயரையே இட ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் விரும்பினார். அவரோ, இயற்கையைப் போற்றிய ஜான் மியூர் என்பவரின் பெயரே அதற்குத் தக்கதென்றும், தம் பெயரை நிலைநாட்டத் தமக்கு ஐந்து புதல்வர்கள் உளர் என்றும், அவர்களால் அது கூடாதாயின் அப்பெயர் மறைந்துபோதலில் தமக்கு வருத்தமில்லை என்றும் மறுமொழி விடுத்தார். அப்பொழுது ஷெர்மனுக்கு வயது நான்கு.

யேல் சர்வகலாசாலையிற் பயின்று 1926-இல் பட்டம் பெற்ற கெண்ட், 1933-இல் அங்கேயே சரித்திரத்தில் டாக்டர் பட்டமும் பெற்று ஆசிரியராய் அமர்ந்தார். அவர் தேர்ந்துகொண்ட துறை, பிரான்சு தேசத்தில் லூயி பிலிப் அரசர் காலத்துத் தேர்தல் முறை. அக்காலத்தில் ஆண்டுக்கு 200 பிராங்கு நேர்வரி செலுத்திய ஆடவர்க்கே பொதுவாக வாக்குரிமை இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் எவ்வாறு ஏறிற்று, எவ்வாறு நீக்கப்பட்டது, அதிகாரிகள் எங்கெங்கே கை வைத்தனர் என்று பழைய ஏடுகளைத் துருவி அவர் எழுதிய நூல் 1937-இல் வெளிவந்தது. இதனைப் படிப்பார் அன்றும் சிலரே; இன்றும் சிலரே. ஆயின் எழுதினவனுக்கு அஃது ஒரு பயிற்சியாயிற்று. அதிகாரி எழுதி வைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று என்பதை ஏட்டைக் கொண்டே கண்டுபிடிக்கும் கண் அவருக்கு அவ்வேலையால் வாய்த்தது. 1941-இல் சரித்திரம் எழுதும் முறையைப் பற்றி மாணவர்க்கென ஒரு சிறு நூலும் வெளியிட்டார். வகுப்பில் அவர் கண்டிப்பும் வேடிக்கையும் கலந்தவர். பேராசிரியர் வாயில் வருமென்று எதிர்பாராத கரடுமுரடான சொற்கள் அவர் பேச்சிற் சரளமாய் வரும் என்று அவரை அறிந்தோர் கூறுவர்.

அவ்வாண்டிலேயே அவர் வாழ்க்கை திசை மாறிற்று. உலக யுத்தம் மூண்டு அமெரிக்காவை நெருங்கிய காலத்தில், வில்லியம் டானவன் என்பவரின் தலைமையில் உளவுச் செய்திகளைத் திரட்டுதற்கு ஓர் அலுவலகம் ஏற்பட்டது. அதில் ஆராய்ச்சிக்கெனத் தனிக்கிளை ஒன்று அமைத்து, சரித்திரம், பூகோளம், பொருளியல் முதலிய துறைகளிலிருந்து கல்லூரி ஆசிரியர்களைச் சேர்த்தனர். கெண்ட் ஆப்பிரிக்காப் பகுதிக்குத் தலைவரானார். 1942 நவம்பர் 8-ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. அதற்கு முன் மொராக்கோ, அல்ஜீரியா, தூனிசியா ஆகிய நாடுகளின் துறைமுகங்கள், இருப்புப்பாதைகள் முதலியவை பற்றிய விவரங்களை இவரும் இவர் தோழரும் இரவு பகலாய் உழைத்துத் தொகுத்தளித்தனர். புத்தகப் புழுக்கள் என்று இவர்களை எண்ணியிருந்த சேனாதிபதிகள் வியப்புற்றனர். இவ்விவரங்களிற் பெரும்பகுதி எந்த ஒற்றனும் கொணர்ந்ததன்று. நூல் நிலையங்களிலும் வியாபார அறிக்கைகளிலும் எவரும் எடுத்துப் பார்க்கலாகும்படி கிடந்ததே. தேடத் தெரிந்தவர் தேடினர், அவ்வளவே.

யுத்தம் முடிந்ததும் கெண்ட் சிறிது காலம் வெளிநாட்டு இலாகாவிலும் தேசிய யுத்தக் கல்லூரியிலும் பணியாற்றிப் பின் யேல் திரும்பினார். 1949-இல் வெளியான அவருடைய நூல், அமெரிக்க உலகக் கொள்கைக்கு வேண்டும் உளவைப் பற்றியது. உளவு என்பது ஒருவகை அறிவு, ஒரு ஸ்தாபனம், ஒரு செயல்முறை என மூன்றாக வகுத்துக்கொண்டு, வினாவை எழுப்புதல், செய்தியைத் திரட்டுதல், அதன் தரத்தை மதித்தல், கருதுகோள் அமைத்தல், மீண்டும் சோதித்தல் என்று சரித்திர ஆராய்ச்சியின் படிகளையே அத்தொழிலுக்கும் உரியனவாக்கினார். இந்நூல் பின்னர் அத்தொழிலில் புகுவோர்க்குப் பாடநூலாயிற்று.

அந்நூலில் எழுப்பப்பெற்ற ஒரு வினா இன்றளவும் தீர்ந்தபாடில்லை. ஆராய்ச்சியாளன் ஆட்சியாளருக்கு எவ்வளவு அணுக்கமாய் இருத்தல் வேண்டும்? மிகத் தொலைவில் நின்றால் அவர்க்கு எது வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. வேண்டாதவற்றை அழகாக எழுதிக்கொண்டிருப்பான். மிக நெருங்கிவிட்டாலோ அவர் விருப்பமே அவன் கண்ணுக்கு உண்மையாய்த் தோன்றும். நெருக்கடி நேரும்பொழுது இவ்விரண்டாம் தீங்கு பன்மடங்காகும். அரசர் முகம் பார்த்துப் பேசும் மந்திரிகளை நம் பழங்கதைகளும் அறியும். வழிகாட்டுதல் பெறும் அளவுக்கு அருகிலும், நடுநிலை பிறழாத அளவுக்கு விலகியும் நிற்க வேண்டும் என்பது கெண்டின் கட்சி. வில்மூர் கெண்டல் என்னும் அறிஞர் அவ்வாண்டிலேயே இந்நூலுக்கு எழுதிய மதிப்புரையில் இக்கட்சியைக் கடுமையாய் மறுத்தார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. எனினும், விலகி நிற்பதால் வரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். நெருங்குவதால் வரும் நஷ்டம் காரியம் கெட்ட பின்னரே தெரியும் என்பதால் எனக்குக் கெண்டின் பக்கமே சார்பு.

1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் வட கொரியப் படைகள் தென் கொரியாவுள் திடீரெனப் புகுந்தன. முன்னறிவிப்புத் தரவில்லையென்று மத்திய உளவு ஸ்தாபனத்தின் மீது பெரும் பழி எழுந்தது. புதிய தலைவராய் வந்த ஜெனரல் வால்ட்டர் பெடல் ஸ்மித், தேசிய மதிப்பீட்டு அலுவலகம் என்னும் ஒன்றை அமைத்து, ஹார்வார்டு சரித்திரப் பேராசிரியரான வில்லியம் லாங்கரை அதற்குத் தலைவராக்கினார். லாங்கர் கெண்டைத் தம் துணைவராய் அழைத்துக்கொண்டார். 1952-இல் லாங்கர் கலாசாலைக்குத் திரும்ப, கெண்ட் தலைமை ஏற்று 1967 முடிய அதில் நிலைத்தார்.

அங்கே வேலை நடந்த முறை பெரிதும் வகுப்பறையை ஒத்தது. இளைஞர் ஒருவர் ஒரு வினாவின் மேல் வரைவு எழுதுவார். முதியோர் கொண்ட குழு அதனை வரி வரியாய்ப் பிரித்துக் கேள்வி கேட்கும். பின்னர் சேனை, கடற்படை, வெளிநாட்டு இலாகா முதலியவற்றின் பிரதிநிதிகள் வந்து வாதிடுவர். ஒத்துக்கொள்ளாதவர் தம் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்க்க உரிமையுண்டு. ஆராய்ச்சியாளர் பயிற்சி பெற்ற இடம் உண்மையில் இவ்வாதமேடையே. 1955-இல் இத்தொழிலுக்கெனத் தனிப் பத்திரிகை ஒன்று ஸ்தாபனத்துக்குள்ளேயே தொடங்கியது. முதல் கட்டுரை கெண்டுடையது. வைத்தியர்க்கும் வழக்கறிஞர்க்கும் அவரவர் முன்னோர் எழுதி வைத்த நூல்கள் உள. நாமோ நேற்றைய பிழையையும் வெற்றியையும் எழுதி வையாமல், நாள்தோறும் புதியவராய்த் தொடங்குகிறோம் என்பது அதன் சாரம்.

இனி அவர் பெயரோடு நீங்காது நிற்கும் நிகழ்ச்சிக்கு வருவோம். யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ 1948-இல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். அண்டை நாடுகளான ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா ஆகியவற்றின் படைபலம் பெருகி வந்தது. 1951-இல் அந்நாட்டின்மீது படையெடுப்பு நிகழுமா என்பது வினா. மார்ச்சு மாதத்தில் கெண்டின் குழு அளித்த மதிப்பீடு, அத்தகைய தாக்குதலைக் கவனத்துக்குரிய ஒரு சாத்தியமாகக் கொள்ள வேண்டும் என்னும் பொருள்பட முடிந்தது. சில நாட்களின் பின், வெளிநாட்டு இலாகாவில் கொள்கை வகுக்கும் குழுவின் தலைவர், அத்தொடருக்கு என்ன அளவு என்று பேச்சுவாக்கில் வினவினார். நூற்றுக்கு அறுபத்தைந்து தாக்குதலுக்குச் சார்பு எனக் கெண்ட் விடையிறுத்தார். கேட்டவர் திடுக்கிட்டார், அவரும் அவர் தோழரும் அத்தொடரை மிகக் குறைந்த அளவாக எடுத்துக்கொண்டிருந்தனர்.

கெண்டுக்கு உறக்கம் கெட்டது. தம் குழுவினரைத் தனித்தனியே வினவினார்: நீர் ஒப்பிய அத்தொடருக்கு உம் மனத்தில் இருந்த அளவு யாது? ஒருவர் நூற்றுக்கு இருபது என்றார். மற்றொருவர் எண்பது என்றார். ஏனையோர் இடையிடையே நின்றனர். ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே வாக்கியத்தை ஒருமனதாய் ஏற்றவர்கள், ஒருவரோடொருவர் ஒத்திருக்கவில்லை. ஒரு சொல்லே அவர்கள் எல்லோரையும் ஒத்தவர் போற் காட்டிற்று! படையெடுப்பு என்னவோ நிகழவில்லை. ஆயின் அது நிகழ்ந்திருந்தால், இருபது என்று படித்த மந்திரி வாளாவிருந்திருப்பான். எண்பது என்று படித்தவன் படையைத் திரட்டியிருப்பான். இருவர் கையிலும் இருந்தது ஒரே காகிதம்.

நம் மொழியிலும் வரலாம், வரக்கூடும், வந்தாலும் வரும், வராமலிராது என்று எத்தனை சொல்கிறோம்! சொல்பவனும் கேட்பவனும் இவற்றை ஒரே அளவில் எடுத்துக்கொள்கின்றனரா என்று ஒருநாள் நம் விடுதித் தோழர் நால்வரை வினவிப் பார்த்தால் கெண்டின் கலக்கம் எளிதிற் புலனாகும்.

இதற்குப் பரிகாரமாக அவர் ஓர் அளவுகோல் வகுத்தார். ஏறக்குறைய உறுதி என்றால் நூற்றுக்கு 93, அதற்கு ஆறு கூடவோ குறையவோ. நிகழும் போலும் என்றால் 75, பன்னிரண்டு கூடவோ குறையவோ. சரிபாதி என்றால் 50. நிகழாது போலும் என்றால் 30. ஏறக்குறைய நிகழாது என்றால் 7. தோழர் பலர்க்கு இஃது உவப்பாயில்லை. சொல்லின் நயத்தை நம்பியவர்களைக் கெண்ட் கவிஞர் என்றும், எண்ணை நம்பியவர்களைக் கணிதர் என்றும் வேடிக்கையாகப் பிரித்தார். குதிரைப் பந்தயத்தில் பணயம் வாங்குவோனைப் போல நம்மை ஆக்குகின்றீரே என்று ஒருவர் குறை கூற, கவிஞனாயிருப்பதினும் அதுவே மேல் என்று அவர் விடையிறுத்தாராம். கவிஞர்களே வென்றனர், அளவுகோல் அவர் காலத்தில் ஸ்தாபனத்தின் விதியாகவில்லை. 1964-இல் இவ்வரலாறு முழுவதையும் ஒரு கட்டுரையாக்கி, தம் தோல்வியையும் அதில் மறையாது எழுதினார்.

யூகோஸ்லாவியா காகிதத்தளவில் நின்ற நெருக்கடி. பதினொரு ஆண்டுகளின் பின் வந்தது அத்தகையதன்று. 1962-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் சோவியத் கப்பல்கள் கியூபாத் தீவுக்கு ஆயுதங்களைக் கொண்டுபோய்க் குவித்தன. ஆகஸ்டு 29-ஆம் நாள் யு-2 என்னும் உயரப் பறக்கும் விமானம் எடுத்த படங்களில், விமானங்களை வீழ்த்தும் ஏவுகணைகளின் தளங்கள் தெரிந்தன. இவை காப்புக்குரியனவா, அன்றி அமெரிக்க நகரங்களைத் தாக்கும் பெரிய ஏவுகணைகளும் இவற்றின் பின்னே வருமா? ஸ்தாபனத்தின் தலைவர் ஜான் மக்கோன், காக்கத்தக்க ஒன்று இல்லாத இடத்தில் இத்துணைக் காவல் எதற்கு என்று வாதித்து, பெரிய ஏவுகணைகள் வரும் என்றே கொண்டார். ஆயின் அவர் அப்பொழுதுதான் திருமணம் செய்துகொண்டு பிரான்சு தேசத்தின் கடற்கரையில் இருந்தார். அங்கிருந்து தந்தி மேல் தந்தியாக விடுத்தார். கெண்டின் குழுவினரிடம் சான்றுகள் இல்லை. ஏவுகணைகளைக் கண்டதாகத் தீவினின்று ஓடிவந்தோர் சொன்ன செய்திகள் ஆண்டுக்கணக்காக வந்தவண்ணமிருந்தன, சோதித்தபோதெல்லாம் பொய்த்தன. சோவியத் அரசு தன் எல்லைக்கு வெளியே அத்தகைய ஆயுதங்களை அதற்கு முன் இவ்வாறு நிறுத்தியதாக அவர்கள் அறிந்திருக்கவில்லை. செப்டம்பர் 19-ஆம் நாள் மதிப்பீடு வெளியாயிற்று. அத்தகைய ஏவுகணைகளால் சோவியத்துக்கு இராணுவ லாபம் பெரிது; எனினும் அது அவர்களுடைய இதுகாறும் கண்ட வழக்கத்துக்கும் கொள்கைக்கும் ஒவ்வாது; ஆயினும் இதனைக் கவனமாய் ஆராய்தல் வேண்டும் என்றவாறு அது அமைந்தது. அந்நாளில் அவ்வேவுகணைகளிற் சில தீவை எட்டிவிட்டிருந்தன.

இராஜதந்திரச் சிக்கலுக்கு அஞ்சித் தீவின் மேற்குப் பகுதியின்மேல் விமானம் பறப்பதைப் பல வாரங்கள் தவிர்த்திருந்தனர். அக்டோபர் 14-ஆம் நாள் மீண்டும் பறந்த விமானம் எடுத்த படங்களில் ஏவுகணைகள் தெரிந்தன. 16-ஆம் நாள் காலை ஜனாதிபதி கென்னடிக்குச் செய்தி எட்டிற்று. அதன் பின் கழிந்த நாட்களில் உலகம் அணுயுத்தத்தின் வாயிலில் நின்றது என்பதை யாவரும் அறிவர்.

பிழைத்துப்போன மதிப்பீட்டின் தலைவர் அந்நாட்களில் என் செய்தார்? நேசநாட்டுத் தலைவர்களிடம் படங்களைக் காட்டி அவர்தம் ஆதரவைப் பெறுவதற்குத் தூதர் விரைந்தனர். பாரிஸ் நகருக்குச் சென்ற முன்னாள் மந்திரி டீன் ஆச்சிசனோடு படங்களைச் சுமந்து சென்றவர் கெண்டே. அக்டோபர் 22 மாலை பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலை அவர்கள் கண்டனர். சான்று காண்பதற்கு முன்னரே அவர் தம் ஆதரவைத் தெரிவித்துவிட்டார். பின்னர் பூதக்கண்ணாடி கொண்டு படங்களை நோக்கி, 60,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தினின்று எடுத்தவை இவை என்று கேட்டு வியந்தார். பழைய பிரெஞ்சு வாக்காளர் பட்டியல்களிற் கண்ணைப் பதித்து ஆராய்ச்சி தொடங்கியவர், பிரான்சின் தலைவர் முன் தாம் எதிர்பாராத ஏவுகணைகளின் படத்தோடு நின்றார். அக்டோபர் 28-ஆம் நாள், ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகக் குருஷ்சேவ் அறிவித்தார்.

கெண்ட் இப்பிழையை மறைக்கவில்லை. 1964-இல் அம்மதிப்பீட்டை மீண்டும் எடுத்து, எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு வந்தோம் என்று அடி அடியாய் ஆராய்ந்து இளைய தலைமுறைக்கென எழுதினார். மதிப்பீடு என்பது அறியாத இடத்திலேயே வேண்டப்படுவது. இருந்த சான்றைக் கொண்டு வேறு முடிவுக்கு வந்திருக்க இயலாது. அமெரிக்கர் இதைப் பொறுக்கமாட்டார் என்பதைக் குருஷ்சேவ் உணரவில்லை, பிசகியது அவர் கணக்கே என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் ஒரு பாதியை ஏற்கலாம். குருஷ்சேவ் பிசகினார் என்பதற்கு அவர் கப்பல்கள் திரும்பியதே சாட்சி. ஆயினும் பகைவன் பிசகுவான் என்பதையும் எண்ணிப் பார்ப்பது மதிப்பிடுவோன் கடமையன்றோ? நாம் அவ்விடத்தில் இருந்தால் செய்யமாட்டோம் என்பதனால் அவனும் செய்யான் என்று துணிவது, கற்றோர்க்கே எளிதில் நேரும் வழு; சான்றில்லாமலே ஊகித்த மக்கோன் அவ்வழுவிற் படவில்லை. கெண்டை இகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. தம் பிழையையே பாடமாக வைத்துப் பிறர் தம்மோடு வாதிட இடம் விட்டவர் அவர். அவ்விடத்திலிருந்தே நானும் இதனை எழுத இயன்றது.

சரியான மதிப்பீட்டுக்கும் எப்பொழுதும் நல்வாழ்வு அமைவதில்லை. 1964 ஜூன் மாதத்தில், தென் வியட்நாமும் லாவோசும் வீழ்ந்தால் கிழக்கு ஆசியா முழுவதும் வரிசையாய் விழுமோ என்று ஜனாதிபதி ஜான்சன் வினவினார். கம்போடியா ஒன்று தவிர வேறெந்த நாடும் அதனால் விரைவில் வீழும் என்று கருதுவதற்கில்லை என்று கெண்டின் குழு ஜூன் 9-ஆம் நாள் எழுதியது. அடுத்த ஆண்டில் அமெரிக்கப் போர்ப்படைகள் வியட்நாமில் இறங்கின.

1967 முடிவில் ஓய்வு பெற்ற பின் 1968-இல் எழுதிய கட்டுரையில், ஆட்சியாளர் மனத்தை ஆள வேண்டுமென்று ஆராய்ச்சியாளன் ஆசைப்படலாகாது. வினாவுக்குப் பொருந்துவதும் நம்பத்தக்கதுமாய் எழுதுவதே அவன் குறிக்கோள் என்றார். பின்னர் தம் பழைய பிரெஞ்சுத் தேர்தல்களுக்குத் திரும்பி, 1827-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி ஒரு நூல் 1975-இல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் குழந்தைகளுக்கென ஒரு கதைநூலும் எழுதினார். ஒரு சிறுவன், ஒரு பன்றி, பல குதிரைகள் ஆகியன அதன் பாத்திரங்கள்! 1986 மார்ச்சு 11-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் காலமானார்.

மத்திய உளவு ஸ்தாபனம் தன் ஆராய்ச்சியாளரைப் பயிற்றுவதற்கு 2000-ஆம் ஆண்டில் ஒரு பள்ளி நிறுவி அதற்கு ஷெர்மன் கெண்டின் பெயரை இட்டது. அவர் வகுத்து யாரும் ஏற்காத அளவுகோலும் வேறு உருவில் திரும்பி வந்தது. 2015-இல் அமெரிக்க உளவு நிறுவனங்கள் அனைத்துக்கும் விதிக்கப்பட்ட ஆணையில், நிகழக்கூடுமை ஏழு படிகளாக வகுக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் நூற்று வீதம் குறிக்கப்பட்டுள்ளது. 1951-ஆம் ஆண்டில் இருபதாகவும் எண்பதாகவும் படிக்கப்பட்ட அந்தச் சொற்றொடர் அப்பட்டியலில் இல்லை.